வளைவில் சாய வேண்டும்

அத்தானின் முகம் எனக்கு இப்போது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீசையின் இடது நுனி எப்போதும் கொஞ்சம் தொங்கியிருக்கும், காதில் கடுக்கன் போட்ட ஓட்டை மட்டும் மிச்சம் இருக்கும் என்பது வரை சொல்லிவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் விழிப்பேன். ஆனால் அவருடைய வலது கையைப் பற்றிக் கேளுங்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்பு, மணிக்கட்டுக்கு மேலே தேக்குச் சிலாம்பு ஏறிய தழும்பு, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அந்தக் கையை நான் மறக்க வேண்டுமானால் என் விலா எலும்புகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மறக்க வேண்டும்.

அவர் என் அக்காவின் கணவர். பாலக்கரையில் மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்திருந்தார். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டில். நான் அப்போது தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு மாடியில் டைப்ரைட்டிங் மாஸ்டர். கல்யாணம் ஆகாதவன், ஆளும் ஒல்லி. ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பித்துப் பத்துப் பதினோரு வருஷம் என் லீவு நாட்கள் எல்லாம் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்தான் போயின. ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, குற்றாலம் என்று மலை தெரிந்த இடத்துக்கெல்லாம் போனோம். கத்திரி வெயிலில் புதுக்கோட்டை ரோட்டின் தார் உருகி டயரில் ஒட்டியிருக்கிறது. ஆடிக்காற்றில் கரூர் ரோட்டில் அவர் வண்டியைச் சாய்த்துப் பிடித்தே நேராக ஓட்டியிருக்கிறார். இடையிடையே காற்றைப் பார்த்துக் கையும் ஓங்குவார். ஐப்பசி மழையில் குளிருக்குச் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொண்டு மலையேறுவோம். மேலே போய்ச் சட்டையைக் கழற்றினால் தலைப்புச் செய்தி என் நெஞ்சில் இடவலம் மாறி அச்சாகியிருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். என்னிடம் டைப் அடிக்க வந்தவர்கள்கூடப் பொறாமைப்பட்டார்கள். அதில் ஒருவனையாவது ஒரே ஒரு தடவை எனக்குப் பதிலாக ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும்.

வண்டி, பட்டாளத்தில் கழித்துவிட்ட ஐந்நூறு சிசி. பச்சை பெயிண்டுக்கு மேல் கறுப்பு அடித்து, கறுப்பு உரிந்து பச்சை தெரியும். ஸ்டார்ட் செய்ய உதைத்தால் திருப்பி உதைக்கும். அத்தானின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே அது போட்ட காயங்கள் வரிசையாக இருந்தன. வருகிறவர்களிடம் வேட்டியை மடித்துக் காட்டுவார். "இந்த உலகத்துல என்னைத் திருப்பி அடிக்கிறது இது ஒண்ணுதாங்க" என்பார் பெருமையாக.

முதல் சவாரி முக்கொம்புக்கு. காவிரிக் கரைமேல் வளைந்து வளைந்து போகும் ரோடு. முதல் வளைவில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. விழுந்துவிடுவோம் என்று நான் வலது பக்கம் நிமிர்ந்து விறைத்தேன். அவருடைய முழங்கை பின்னால் வந்து என் விலாவில் இறங்கியது. இரண்டாவது வளைவிலும் நிமிர்ந்தேன், இரண்டாவது தடவையும் இறங்கியது. மூன்றாவதுக்கு அவர் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, என் கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மச்சான், வண்டி சாஞ்சா நீயும் கூடவே சாயணும். பின்னாடி இருக்கிறவன் நிமிந்தான்னா வண்டிய ரோட்டுக்கு வெளிய தள்றான்னு அர்த்தம். ரெண்டு பேரும் சேந்து சாவோம். நெல்லு மூட்டை ஏத்திட்டுப் போனா அது பேசாம சாயும். நீ மூட்டையவிட மோசமா இருக்கியே!"

குரலில் கோபமே இல்லை. பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி பொறுமையாகச் சொன்னார். அதுதான் அத்தான். முதலில் கை, அப்புறம் வாய். பேச்சில் தீர்கிற விஷயம் என்றாலும் கை ஒரு தடவை போய்விட்டு வந்தால்தான் வாய்க்கு வழி கிடைக்கும். மரவாடியில் கூலியாட்கள் அவர் வருகிற சத்தம் கேட்டதும் தாமாகவே ஒரு அடி தள்ளி நிற்பார்கள்.

அழகைக்கூட அப்படித்தான் காட்டுவார். ஏற்காட்டுக்கு ஏறும்போது ஒரு வளைவில் மேகம் காலுக்குக் கீழே போகும். வண்டியை நிறுத்தி, என் பிடரியைப் பிடித்து, கழுத்தைத் திருகி, "பாரு! பாருடா! இதப் பாக்காம மசால்தோசைய நெனச்சுக்கிட்டிருக்கான் பாரு" என்று உலுக்குவார். உண்மையில் நான் மசால்தோசையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். தனியாகப் போக அவருக்குப் பிடிக்காது. பார்த்ததைக் காட்ட ஒரு கழுத்து வேண்டும்.

அந்தக் கழுத்தாக நான் எப்படி அகப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமான மூன்றாவது மாதம் அவள் எங்கள் ஊருக்கு வந்தாள். துறையூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். இடது முன்கை வீங்கி, வளையல் ஏறாமல், வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அம்மா விளக்கெண்ணெய் போட்டு நீவினாள். அப்பா இரண்டு நாள் வயலிலேயே இருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை கெட்டவரு இல்லப்பா. குடி கிடையாது, வேற பழக்கம் கிடையாது. ஒரு எடத்துல உக்காந்திருந்தா அவருக்குக் கை அரிக்குது, அவ்வளவுதான். வண்டியில தூரமாப் போயிட்டு வந்தாருன்னா பத்து நாள் சாந்தமா இருக்காராம், உங்கக்காதான் சொல்றா. கூடப் போறதுக்குத்தான் ஆள் நிக்க மாட்டேங்குது. நீ போ."

அக்காவை வீட்டோடு வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, அவளைத் திரும்ப அனுப்பி, காவலுக்கு என்னையும் அனுப்பினார்கள். மாப்பிள்ளையை ஊர்சுற்றக் கூட்டிக்கொண்டு போவதுதான் வைத்தியம் என்று ஒரு குடும்பமே சேர்ந்து தீர்மானித்தது. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அப்பா, அம்மா, நான், ஏன், அக்காவும் கூட அதை நம்பினோம். அத்தான் ஊரில் இல்லாத நாள் எல்லாம் அவளுக்கு நல்ல நாள். திரும்பி வந்து ஒரு வாரம் பத்து நாள் நல்ல நாள். அதற்குள் அடுத்த சவாரிக்கு நான் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

அக்கா அதிகம் பேசமாட்டாள். அத்தான் குளிக்கப் போயிருக்கும்போது சமையலறை வாசலில் நின்று கேட்பாள்.

"ஊட்டிக்கு எத்தன நாள்டா?"

"போக வர நாலு நாள்."

"கொடைக்கானல்?"

"மூணு."

"அதுக்கு அப்பால ரோடு இல்லையா?"

"இருக்குக்கா. மழையில சரிஞ்சு கெடக்கு."

"மெதுவாப் போங்க. மெதுவாப் போனா இன்னும் ஒரு நாள் ஆகும்ல?"

ரோட்டைப் பற்றி அப்படிக் கேட்ட பெண் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். அவளுக்கு மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம். தூரம் இருந்தால் போதும்.

கிளம்பும்போது ஒரு சடங்கு உண்டு. அத்தான் வண்டியை வாசலில் உறுமவிட்டுக் காத்திருப்பார். அக்கா தெருமுனைக் குழாயடியிலிருந்து நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். தளும்பக் கூடாது, குடம் குறையக் கூடாது, முகம் சிரித்திருக்க வேண்டும். அந்தச் சகுனம் பார்த்த பிறகுதான் கியர் போடுவார். அக்கா ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவள் சிரிப்பும் பொய்ச் சிரிப்பு இல்லை. நாலு நாள் நிம்மதி கிடைக்கப்போகிறவள் ஏன் சிரிக்க மாட்டாள்?

மணப்பாறை சந்தை நாள் ஒன்றைச் சொல்கிறேன். திண்டுக்கல் ரோடு முழுக்க மாடு. ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த பஸ் ஒன்று எங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. ஒரு மைல்கல்லில் என் முழங்கால் உரசி, கால்சட்டையும் தோலும் சேர்ந்து போய்விட்டது. மாடுகள் குறைந்ததும் அத்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். வையம்பட்டிக்கு முன்னால் பஸ்ஸை எட்டிப் பிடித்து, தாண்டி, வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார்.

டிரைவர் கதவைத் திறந்தது தெரியும். அதற்குள் அவரைக் கீழே இழுத்துப் போட்டாயிற்று. அத்தானைவிட வயதானவர். முதல் அடியில் தொப்பி போயிற்று, இரண்டாவதில் வாயில் ரத்தம் வந்தது. அவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். "மச்சான், கையப் புடி" என்றார் அத்தான். பிடித்தேன். அந்த மனிதரின் இரண்டு கையையும் நான்தான் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் பலகையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பஸ்ஸிலிருந்த ஒரு பெண், "ஐயோ, விடுங்கய்யா, செத்துருவாரு!" என்று கத்தினாள். அந்த டிரைவரின் தோள்பட்டை ஒவ்வொரு அடிக்கும் என் கையில் துள்ளியது. இங்கே விழுகிற ஒவ்வொன்றும் அம்மாமண்டபம் ரோட்டில் விழாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அடித்து முடித்ததும் அத்தானின் முகம் தெளிந்துவிட்டது. எங்கள் பாட்டிலிலிருந்து தண்ணீர் எடுத்து டிரைவரின் வாயைக் கழுவிவிட்டார். தன் துண்டால் துடைத்தார். "எந்த ஊருங்க? பிள்ளைங்க எத்தன?" என்று விசாரித்தார். அந்த மனிதர் பல் ஆடுகிற வாயோடு, "மூணு பொண்ணுங்க" என்று பதில் சொன்னார். "அடடா, பாத்துப் போங்க" என்றார் அத்தான். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அதுதான் அடியைவிடப் பயமாக இருந்தது.

அக்காவிடமும் அப்படித்தான். அடித்த மறுநாள் பூ வரும், அல்வா வரும், "வலிக்குதாடீ?" என்று கேள்வி வரும். அவளுக்கு இரண்டு தடவை கரு கலைந்தது. ஏன் கலைந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவரே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

முழுக்க முழுக்க ராட்சதன் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அதுவும் முடியவில்லை. ஒரு மழைக்காலத்தில் உப்பிலியபுரம் பக்கம் ஒரு தரைப்பாலம். பச்சைமலையில் பெய்த மழை திடீரென்று இறங்கி, நடுவில் ஒரு கூண்டு வண்டி சிக்கிக்கொண்டது. உள்ளே ஒரு பெண், இரண்டு குழந்தைகள். கரையில் இருபது பேர் நின்று கூச்சல் போட்டார்கள், ஒருவரும் இறங்கவில்லை. அத்தான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீர். பூட்டாங்கயிற்றை அறுத்து மாடுகளை விட்டார். குழந்தைகளைத் தோளில் ஒன்றும் கக்கத்தில் ஒன்றுமாகக் கொண்டுவந்து என்னிடம் வீசினார். திரும்பிப் போய் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார். வண்டிக்காரன் மட்டும் வண்டியை விட்டு வரமாட்டேன் என்று சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் தாடையில் ஒன்று விட்டார், அவன் தொய்ந்தான், வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்து கரையில் போட்டார். அடுத்த நிமிஷம் வண்டி உருண்டு போய்விட்டது.

கரையில் உட்கார்ந்து வலது கையை என் முன்னால் நீட்டினார். அது கிடுகிடு என்று ஆடிக்கொண்டிருந்தது. "ஏன் மச்சான் இப்படி நடுங்குது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதருக்காக அன்று நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க அக்காமேல் அந்தக் கை படவில்லை.

இனி நாங்கள் கடைசியாகப் போன கொடைக்கானல் சவாரி. ஐப்பசி, காலையிலிருந்தே தூறல். வண்டி ஈரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து உதைத்தார், திருப்பி உதைத்தது. மறுபடி உதைத்தார். அக்கா தெருமுனையில் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்மணி நேரமாக நின்றாள். அப்போது அவளுக்கு இடுப்பிலும் ஒரு பழைய வலி இருந்தது, எப்படி வந்த வலி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். அந்த நிமிஷம் பார்த்து வண்டி உறுமியது. அத்தான் நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு எதிரே தரையில் ஒரு குடமும் வெறுங்கையோடு ஒரு பெண்ணும் தெரிந்தார்கள்.

வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்து போனார். ஓடவில்லை, நடந்துதான் போனார். காதோடு சேர்த்து ஒரே அறை. தோட்டின் திருகாணி கழுத்தில் குத்தி ரத்தம் கோடாக இறங்கியது. குடத்தைக் காலால் தள்ளினார். "ரொப்பிட்டு மறுபடி வா. சிரிச்சுக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். தெருவில் ஆட்கள் நின்றார்கள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா குடத்தை ரொப்பினாள். எதிரே வந்தாள். சிரித்தாள். ரத்தம் ரவிக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது, அவள் பல் தெரியச் சிரித்தபடி எங்களைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு நான் வத்தலக்குண்டு வரை போனேன். மலையேற ஆரம்பித்ததும் மழை கொட்டியது. அத்தானுக்கு ஒரே குஷி. அருவி ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "பாரு மச்சான், வெள்ளிய உருக்கி ஊத்தற மாதிரி!" நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் அவருடைய முதுகும், ஆக்ஸிலேட்டரைப் பிடித்த வலது கையும்தான் இருந்தன. வலது பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி சாய்ந்தது. நான் சாயவில்லை.

பயத்தில் விறைத்துப்போனேன் என்று பின்னால் பலரிடம் சொன்னேன். பொய். பதினோரு வருஷம் பழகிய முதுகெலும்பு அது, வண்டி சாயும் முன்பே சாயும். நான்தான் அதை நிமிர்த்திப் பிடித்தேன். வேண்டுமென்றே இடது பக்கம் தள்ளி உட்கார்ந்தேன்.

வண்டி ரோட்டின் வெளி விளிம்பைப் பார்த்து ஓடியது. அத்தான் இன்னும் கீழே சாய்த்தார், பின்சக்கரம் ஈரத்தில் வழுக்கியது, வண்டி வலது பக்கமாக விழுந்தது. நான் தனியாகப் பறந்து சேற்றில் விழுந்தேன். வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு சறுக்கிப் போய்த் தடுப்புக் கல்லில் மோதி நின்றது. ஹேண்டில்பாருக்கும் கல்லுக்கும் நடுவில் அவருடைய வலது கை இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை, மேகம்தான் இருந்தது.

எழுந்து ஓடினேன். அவர் மல்லாந்து கிடந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும், "மச்சான், ஒனக்கு அடி பட்டுச்சா?" என்றார்.

அவர் என்னிடம் கைக்கு முன்னால் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரைக் கொல்லப் பார்த்தவனும் நான்தான், அழுதவனும் நான்தான். மேலேயிருந்து வந்த உருளைக்கிழங்கு லாரியில் அவரையும் வண்டியையும் ஏற்றினோம். மூட்டைகளுக்கு நடுவே படுத்தபடி, கண்ணைத் திறக்காமல், "நீ சாயல மச்சான்" என்றார். கோபமில்லாமல் ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்தேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காதில் துணி ஒட்டியிருந்தது. விபத்து என்றேன், உயிருக்கு ஒன்றுமில்லை என்றேன், கை நொறுங்கிவிட்டது என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கைடா?"

"வலது கை."

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "மூஞ்சி கழுவிட்டு வா, சாப்பிடு" என்றாள். நான் சாப்பிடும்போது என் தலையில் கை வைத்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று அப்போது புரிந்துகொண்டேன்.

அத்தான் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த மாதங்கள்தான் அந்த வீட்டின் நல்ல காலம். அக்கா சோறு ஊட்டினாள், அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அவள் கொஞ்சம் சதை போட்டாள். அவருக்கு வண்டிச் சத்தம் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதனால் வண்டியைப் பழுதுபார்க்க வைத்து, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் முன்னால், அவர் பின்னால். கியரைத் தப்பாகப் போட்டால் இடது கையால் பிடரியில் விழும். ஆனால் வளைவில் என்ன சாய்வு! பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. முக்கொம்பு வரை போய் வருவோம். அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு திரும்பவில்லை, விரல்கள் பாதிதான் மடங்கின. இனிமேல் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் செய்த காரியத்தின் லட்சணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் ஊட்டி இல்லை, கொடைக்கானல் இல்லை. வருஷம் முழுக்க அவர் வீட்டில்தான் இருப்பார். ஒரு மாதம் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது முற்றத்தில் வளையல் துண்டுகள் கிடந்தன. அக்காவின் கீழுதடு பிளந்திருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாத கை அதற்கெல்லாம் போதுமானதாக இருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா மச்சான், காப்பி குடிச்சியா?" என்றார்.

உள்ளே போனேன். அக்கா அழவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது.

"வண்டி ஓடுமாடா?"

"ஓடும்."

"ஒனக்கு ஊரு வரைக்கும் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்க்கா. அப்பா..."

"அப்பா கேட்டா நான் சொல்லிக்கறேன். கெளம்பு."

பெட்டியைக் கேரியரில் கட்டினேன். அத்தான் எண்ணெய்க் குப்பியோடு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு உடனே புரியவில்லை. அக்கா அவரைத் தாண்டி வந்து, பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டபோதுதான் புரிந்தது. குப்பியை வீசினார். அது என் நெற்றியில் பட்டு எண்ணெயும் ரத்தமும் கண்ணில் வழிந்தன. ஒரு எட்டில் வந்து ஹேண்டில்பாரை வலது கையால் பிடித்தார். நான் உதைத்தேன். அன்று வண்டி திருப்பி உதைக்கவில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். அந்த விரல்கள் பிடிக்கப் பார்த்தன, மடங்கவில்லை, ஒவ்வொன்றாக வழுக்கிவிட்டன. அவர் தெருவில் முழங்காலிட்டு விழுந்தார்.

குழாயடியில் காலிக் குடம் ஒன்று கிடந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது.

"மச்சான்! அவளுக்குச் சாயத் தெரியாதுடா! வளைவுல சாயச் சொல்லு! சொல்லிக் குடுடா அவளுக்கு!"

மிரட்டலா, பயமா, பாசமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். பிறகு வண்டியைக் கேட்டும் ஆள் அனுப்பவில்லை, அக்காவைக் கேட்டும் அனுப்பவில்லை. இரண்டு வருஷத்தில் மரவாடியை விற்றுவிட்டு வடக்கே எங்கோ போய்விட்டார் என்று சொன்னார்கள்.

கொள்ளிடம் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண்ணச்சநல்லூர் வரை நேர் ரோடு. புலிவலம் காட்டுக்குள் நுழைந்ததும் முதல் வளைவு வந்தது. அக்காவிடம் அதுவரை நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பயந்துகொண்டே வண்டியைச் சாய்த்தேன். கூடவே அவளும் சாய்ந்தாள், கனமே தெரியாமல். அடுத்தது எதிர்ப்பக்க வளைவு. அதற்கும் சாய்ந்தாள். பதினோரு வருஷம் அடி வாங்கி நான் படித்த பாடம். மழைச் சத்தத்தில் கத்திக் கேட்டேன்.

"யாருக்கா ஒனக்குச் சாயச் சொல்லிக் குடுத்தது?"

"பதினோரு வருஷமா அவரு கை எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துப் பாத்துச் சாஞ்சவடா நான். நீ ரோட்டப் பாத்துப் போ."

ரோட்டைப் பார்த்துப் போனேன்.